வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க, மளிகை நோட்டிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுக் கடன் வாங்கி ஒரு வருடம் முடிந்திருந்தது. வங்கி அனுப்பிய கணக்குத் தாளை என் மனைவி இரண்டு தடவை புரட்டிவிட்டுக் கேட்டாள்: "என்னங்க, மூணு லட்சத்துக்கு மேல கட்டியிருக்கோம். கடன் அறுபதாயிரம்தான் கொறஞ்சிருக்கு. மீதி எங்க போச்சு?"

வட்டிக்குப் போனது. 30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் தவணையில் வட்டி மட்டும் 21,250. அசலில் கழிவது 4,785. முதல் வருடம் கட்டும் 3,12,420 ரூபாயில் அசலுக்குப் போவது 60,000-க்கும் கொஞ்சம் குறைவு. தவணையில் பாதி அசலுக்குப் போகிற நிலை வருவதற்கே கிட்டத்தட்ட 12 வருடம் ஆகும். 20 வருடமும் ஒரு மாதம் தவறாமல் கட்டினால் வட்டி மொத்தம் 32 லட்சத்து 48 ஆயிரம். வாங்கிய கடனைவிட அதிகம்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் எல்லாருக்கும் வருகிற வேகம் எனக்கும் வந்தது. கையில் கிடைக்கிற ஒவ்வொரு ரூபாயையும் கடனில் போட்டுத் தள்ளிவிட வேண்டும் என்று. மூன்றாம் வருடம் மார்ச்சில் போனஸையும் சேமிப்பையும் வழித்தெடுத்து 2 லட்சம் கட்டினேன். ஜூனில் பள்ளிக் கட்டணம் வந்தது. அதே மாதம் அப்பாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். கையில் ஒன்றும் இல்லை. மனைவியின் வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போனது, நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு. அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். எட்டரை சதவீதக் கடனை அடைக்கப் போய் 24 சதவீதக் கடனை வாங்கி வந்தேன். வளையல் வீட்டுக்குத் திரும்ப பதினாலு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். புதிதாகக் கடன் வாங்கியவர்களுக்கும், வாங்கி இரண்டு மூன்று வருடம் ஆனவர்களுக்கும் இது உதவும். உதாரணத்துக்கு அந்த 30 லட்சக் கடனையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். கணக்கு சுலபமாக இருக்க, வட்டி மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். மாறினால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் கடன் தாளைப் படியுங்கள்

பத்திரப் பதிவு அவசரத்தில் முப்பது நாற்பது இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்போம். என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் நினைவு இருக்காது. கடன் அனுமதிக் கடிதத்தை எடுத்து மூன்று விஷயங்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். வட்டி நிலையானதா, மாறும் வட்டியா? மாறும் வட்டி என்றால் எதோடு சேர்ந்து மாறும்? முன்கூட்டியே கட்டினால் ஏதாவது கட்டணம் உண்டா?

தனிநபர் பேரில் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கும் மாறும் வட்டியில் இந்தத் தடை உண்டு. ஆனாலும் "பார்ட் பேமெண்ட்டுக்கு சார்ஜ் உண்டு சார்" என்று கவுன்டரில் யாராவது சொன்னால் அசந்துவிடாதீர்கள், எந்த விதிப்படி என்று எழுதிக் கேளுங்கள். நிலையான வட்டியாக இருந்தால் கட்டணம் இருக்கலாம். எவ்வளவு என்று அந்தத் தாளிலேயே இருக்கும்.

2019 அக்டோபருக்குப் பிறகு வங்கியில் வாங்கிய மாறும் வட்டிக் கடன் என்றால் பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, கட்டப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி திருத்தப்பட வேண்டும். அதற்கு முன்பு வாங்கியதாக இருந்தால் பழைய முறையிலேயே தங்கியிருக்கலாம். சிறு கட்டணம் கட்டி ரெப்போ முறைக்கு மாறிக்கொள்ள முடியும். வீட்டுக் கடன் நிறுவனங்கள் தங்களுடைய சொந்த அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன, அங்கே வாடிக்கையாளர்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதம் எழுதுங்கள், அப்புறம் வருடச் செலவைக் கண்டுபிடியுங்கள்

என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான இடம். இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் என்னைப் போல அடகுக் கடை வாசலில் நிற்கிறார்கள்.

செலவு எழுத ஆயிரம் செயலிகள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் நின்றது நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டுதான். குளிர்பதனப் பெட்டிக்கு மேலே, பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்தோம். பேனா கயிற்றில் இல்லாத வாரம் யாரும் எழுதவில்லை, இது அனுபவம். யூபிஐயில் போகிற பணத்தை வார இறுதியில் கைபேசியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். டீக்கடை, பேக்கரி, பூ, இஸ்திரி எல்லாம் எழுதுங்கள். மூன்று மாதம் போதும். அதற்கு மேல் எழுதினால் சலிப்பு வரும், பொய் எழுதத் தோன்றும்.

மாதா மாதம் வரும் செலவு யாருக்கும் பெரிய ஆச்சரியம் தராது. நம்மைக் கவிழ்ப்பது வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ வரும் செலவுதான். தீபாவளி எந்த மாதம் வரும் என்று நமக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு வருடமும் அது திடீரென்று வந்துவிட்டது போலத்தான் நடந்துகொள்கிறோம்.

எங்கள் வீட்டு வருடப் பட்டியல் ஒரு சமயம் இப்படி இருந்தது. பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகம் எல்லாம் சேர்த்து 80,000. டேர்ம் இன்ஷூரன்ஸ் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் ஆயுள் காப்பீடு), மருத்துவக் காப்பீடு 38,000. வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் 9,000. வீட்டு வரி, தண்ணீர் வரி 6,000. தீபாவளி, பொங்கல் 30,000. மொய், சீர், ஊருக்குப் போய்வரும் செலவு 25,000. மோட்டார் ரிப்பேர், மொட்டை மாடி ஒழுகல் மாதிரி வீட்டுப் பழுதுகளுக்கு 12,000. கூட்டினால் சரியாக 2 லட்சம். பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 16,667.

அந்த 16,667 ரூபாய் "மிச்சம்" என்று நினைத்துத்தான் நான் கடனில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது செய்வது இதுதான். சம்பளம் வந்த மறுநாள் 16,700 ரூபாய் வேறொரு வங்கியில் இருக்கும் சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போய்விடும். அந்தக் கணக்குக்கு யூபிஐ கிடையாது, ஏடிஎம் அட்டை பீரோவில் இருக்கிறது. பள்ளிக் கட்டணமும் மொய்யும் அதிலிருந்து மட்டும்தான். வீட்டில் அதற்குப் பெயர் 'உண்டியல்'. மொய் நோட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நமக்கு யார் எவ்வளவு செய்திருக்கிறார்கள், இந்த வருடம் யார் வீட்டில் விசேஷம் வரும் என்று பார்த்தால் அந்தத் தொகையைக் கிட்டத்தட்டச் சரியாகவே கணித்துவிடலாம்.

மாதச் செலவு: மளிகை 9,000, பால் காய்கறி பழம் 6,500, கேஸ் கரண்ட் போன் நெட் 3,500 (கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதியை எழுதிக்கொள்ள வேண்டும்), பெட்ரோல் 4,000, ஊரில் அப்பா அம்மாவுக்கு 4,000. மொத்தம் 27,000. கைக்கு வரும் சம்பளம் 78,000 என்றால், தவணை 26,035, உண்டியல் 16,700, மாதச் செலவு 27,000 போக மிஞ்சுவது 8,265. கடனை அடைக்க நம்மிடம் இருக்கிற நிஜமான ஆயுதம் இந்த எட்டாயிரம்தான். குறைவாகத் தெரியும். போதும் என்பதைப் பிறகு காட்டுகிறேன்.

உங்கள் கணக்கில் மிச்சமே வரவில்லை என்றால்? அப்போதைக்குக் கடனை முன்கூட்டி அடைக்கும் யோசனையை ஓரமாக வையுங்கள். தவணையைத் தவறாமல் கட்டுவதே பெரிய காரியம். பிள்ளைகளின் பழத்தையும் பாலையும் குறைத்துக் கடன் கட்டச் சொல்லும் ஆலோசனையை நான் தரமாட்டேன்.

கடனுக்கு முன்னால் வரிசையில் நிற்பவை

மிச்சம் வருகிறது, சரி. அதை நேராக வீட்டுக் கடனில் போட வேண்டாம். கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் முதலில் அது. வருடத்துக்கு 36 முதல் 42 சதவீதம் வரை வட்டி ஓடும் இடம் அது. அடுத்தது கைமாற்று, அடகுக் கடை, தனிநபர் கடன், நுகர்பொருள் தவணைகள். நம் கையில் இருக்கும் கடன்களில் பெரும்பாலும் மலிவானது வீட்டுக் கடன்தான். பெரிய தொகை என்பதால் பயமுறுத்துகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது அவசரப் பணம். தவணையும் மாதச் செலவும் சேர்ந்து 53,000 என்றால், நான்கு மாதத்துக்கு 2 லட்சத்து 12 ஆயிரம். வேலை நிச்சயமில்லாத துறை என்றால் ஆறு மாதத்துக்கு. வங்கி வைப்புத் தொகையாகப் போட்டு வையுங்கள், வட்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். "எட்டரை சதவீதக் கடன் இருக்கும்போது ஆறு சதவீதத்தில் பணத்தைத் தூங்க வைப்பதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த இரண்டரை சதவீதம் என் மனைவியின் வளையலுக்கு நான் கட்டும் காவல் கூலி என்றேன். கடனில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திருப்பிக் கேட்டால் வங்கி தராது. இருக்கும் வீட்டுக் கடனுக்கு மேல் புதிதாக ஒரு டாப் அப் கடன் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஓவர்டிராஃப்ட் முறையில் இயங்கும் வீட்டுக் கடன்கள் சில இருக்கின்றன, எஸ்பிஐயின் மேக்ஸ்கெயின் அந்த வகை. உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டு வைத்தால், இருக்கும் நாள்வரை அந்த அளவுக்கு வட்டி குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் சாதாரணக் கடனைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கையில் அவ்வப்போது பெரிய தொகை வந்து போகிறவர்களுக்கு, உதாரணமாகச் சிறு வியாபாரிகளுக்கு, இது நல்லது. கணக்கில் பணத்தைப் பார்த்தால் கை அரிக்கும் ஆட்களுக்கு ஒத்துவராது.

மருத்துவக் காப்பீடும் டேர்ம் பாலிசியும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் கொடுக்கும்போதே மொத்த பிரீமியத்தையும் கடனோடு சேர்த்து ஒரு பாலிசியைத் தலையில் கட்டியிருக்கக்கூடும். அந்த பிரீமியத்துக்கும் நீங்கள் வருடக்கணக்கில் வட்டி கட்டுகிறீர்கள். கடன் தொகையைவிடக் கூடுதலான காப்புத் தரும் தனி டேர்ம் பாலிசி, சிகரெட் பிடிக்காத முப்பது வயதுக்காரருக்கு, பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும்.

எவ்வளவு கட்டுவது

இங்கேதான் அந்த எட்டாயிரத்தின் கதை. அதில் 5,000 ரூபாயை முதல் மாதத்திலிருந்தே கூடுதலாகக் கட்டினால் 20 வருடக் கடன் 13 வருடம் 8 மாதத்தில் முடிகிறது. வட்டியில் மிச்சம் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம். 5,000 முடியாது, 2,000 என்றாலும் 16 வருடம் 9 மாதத்தில் முடியும். ஒரு குடும்பம் மாதம் இரண்டு தடவை வெளியே சாப்பிடப் போகும் பணம் அது.

மாதா மாதம் வேண்டாம், தீபாவளி போனஸில் வருடம் ஒரு தவணை கூடுதலாகக் கட்டுகிறேன் என்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தான். 16 வருடம் 9 மாதத்தை ஒட்டி முடியும், வட்டியில் 6 லட்சத்துக்கு மேல் மிச்சம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது வழி. சம்பளம் உயரும்போது தவணையையும் வருடத்துக்கு 5 சதவீதம் உயர்த்துவது. இரண்டாம் வருடம் 26,035 என்பது 27,337 ஆகும். 1,300 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். இப்படியே போனால் 12 வருடம் 3 மாதத்தில் கடன் காலி. வட்டியில் மிச்சம் 11 லட்சத்து 70 ஆயிரம் அளவில். ஆனால் 12-ஆம் வருடத்தில் தவணை 44,500-ஐத் தொட்டிருக்கும், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் காலமும் அதுவாக இருக்கும் என்பதை மறக்காதீர்கள். அதனால் தவணையையே உயர்த்தச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்காமல், பழைய தவணையை அப்படியே வைத்துக்கொண்டு கூடுதல் தொகையைத் தனியாக நாமே கட்டுவது புத்திசாலித்தனம். ஒரு மாதம் முடியாவிட்டால் கேட்க ஆள் இல்லை. தவணையை உயர்த்திவிட்டு ஒரு மாதம் தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் அடிவாங்கும்.

எப்போது கட்டுகிறோம் என்பதும் கணக்கில் உண்டு. முதல் வருட முடிவில் 1 லட்சம் கட்டினால் 18 தவணைகள் குறைகின்றன. கட்டிய லட்சம் போக மிச்சம் 3 லட்சத்து 70 ஆயிரம். அதே 1 லட்சத்தை 15-ஆம் வருட முடிவில் கட்டினால் குறைவது ஆறு தவணைக்கும் கீழே, மிச்சம் 50,000 அளவுதான். இதைச் சொல்லி "உடனே கட்டு, உடனே கட்டு" என்று துரத்துபவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுவார்கள். அந்த ஒரு லட்சம் நடுவில் 14 வருடம் நம் கையில் இருந்திருந்தால் அதுவும் ஏதாவது சம்பாதித்திருக்கும். ஆகவே பயந்துபோய் முதல் வருடமே எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். முதல் ஏழெட்டு வருடம் சின்னச் சின்னதாகக் கட்டிக்கொண்டே இருந்தால் பெரும்பகுதிப் பலன் வந்துவிடும்.

கவுன்டரில் கேட்கும் அந்த ஒரு கேள்வி

நான் 2 லட்சம் கட்டிய கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கிறது. கிளையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் இரண்டு கட்டம். தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா? நான் எதையும் டிக் செய்யவில்லை, படிவம் கொடுத்தவரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் தவணை 1,800 ரூபாய் குறைந்து வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். கடன் முடியும் தேதி ஒரு நாள்கூட நகரவில்லை என்பது ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

இந்த இரண்டு கட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். முதல் வருட முடிவில் கட்டும் அதே 1 லட்சம். காலத்தைக் குறைத்தால் மிச்சம் 3 லட்சத்து 70 ஆயிரம். தவணையைக் குறைத்தால் மாதம் 885 ரூபாய் குறையும், 19 வருடத்துக்கும் சேர்த்து நிகர மிச்சம் 1 லட்சத்தைச் சற்றே தாண்டும். வேலை ஆட்டம் காண்கிறது, ஒரு சம்பளம் நின்றுவிட்டது என்றால் தவணையைக் குறைப்பதில் தப்பில்லை. மற்றபடி காலத்தைக் குறையுங்கள்.

அதனால் ஒவ்வொரு முறை கட்டும்போதும் இதைச் செய்யுங்கள். பணம் கட்டும் முன்பே "இந்தத் தொகையை அசலில் கழித்து, தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று கடிதமோ மின்னஞ்சலோ கொடுங்கள். சில இடங்களில் கூடுதலாக வரும் பணத்தை வரப்போகும் மாதங்களின் தவணையாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதில் நமக்குப் பலன் இல்லை. பத்து நாள் கழித்துப் புதிய தவணை அட்டவணையை வாங்கி, அசல் பாக்கி அதே அளவு குறைந்திருக்கிறதா, கடைசித் தவணை எந்த மாதம் என்று பாருங்கள். குறைந்தபட்சம் இவ்வளவு கட்ட வேண்டும், வருடத்தில் இத்தனை முறைதான் என்று சில நிறுவனங்களில் நிபந்தனை இருக்கும். அங்கே மாதக் கூடுதல் தொகையை ஒரு ஆர்.டி.யில் (மாதா மாதம் கட்டும் வைப்புக் கணக்கு) சேர்த்து, முதிர்ந்ததும் மொத்தமாகக் கட்டலாம்.

வட்டி ஏறும்போதும் இறங்கும்போதும்

2022 மே மாதத் தொடக்கத்தில் ரெப்போ 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. இந்த ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன் 6.75 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கியவரின் தவணை 22,811 ரூபாய். வட்டி 9.25-க்குப் போனபோது மாத வட்டியே 22,500-ஐத் தாண்டிவிட்டது. பழைய தவணையே தொடர்ந்தால் அசலுக்குப் போவது நூறோ இருநூறோதான். பல வீடுகளில் இப்படித்தான் நடந்தது. தவணை மாறவில்லை, கடன் காலம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டுகொண்டே போனது.

இதற்குப் பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும். பகுதியாகவோ முழுதாகவோ முன்கூட்டிக் கட்டும் வாய்ப்பும் தர வேண்டும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், இந்தக் கேள்வியாகவும் இருக்கலாம்.

இறங்கும்போது சும்மா இருப்பதும் ஒரு உத்திதான். 2025-ல் மட்டும் ரெப்போ 6.5-லிருந்து 5.25-க்கு வந்தது. இப்படி இறங்கும்போது தவணையைக் குறைக்க வேண்டாம், பழையபடியே பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். நம் உதாரணக் கடனில் தொடக்கத்திலேயே அரை சதவீதம் குறைந்து, தவணை அதே 26,035-ஆக இருந்தால் 20 மாதம் குறைகிறது. கையிலிருந்து ஒரு ரூபாய் கூடுதலாகப் போகவில்லை.

புதிதாகக் கடன் வாங்க வருபவருக்கு உங்கள் வங்கி என்ன வட்டி சொல்கிறது என்றும் வருடம் ஒருமுறை பாருங்கள். அரை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேனேஜரைப் போய்ப் பாருங்கள். வேறு வங்கிக்கு மாறிவிடுவேன் என்று சொன்னால் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். உண்மையிலேயே மாறுவதாக இருந்தால் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், புதிதாகப் பதிய வேண்டிய அடமானப் பதிவுச் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு மாறுங்கள். பத்து வருடத்துக்கு மேல் பாக்கி இருந்தால்தான் அலைச்சலுக்குக் கூலி கிடைக்கும்.

"வரிச் சலுகை போயிடுமே?"

அலுவலகத்தில் யாராவது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு, தான் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டியில் வருடத்துக்கு 2 லட்சம் வரை வரிக்கான வருமானத்திலிருந்து கழிவு உண்டு. அசலுக்கும் ஒன்றரை லட்சத்துக்குள் கழிவு உண்டு. 30 சதவீத வரி கட்டுபவருக்கு வட்டிக் கழிவால் மட்டும் 62,400 வரை மிச்சமாகும். அவர் கொஞ்சம் நிதானமாகவே கடனை அடைக்கலாம். ஆனால் புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவுகள் கிடையாது. 2025-26 முதல் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை சம்பளம் வாங்குபவருக்குப் புதிய முறையில் வரியே இல்லை. வரியே கட்டாதவர் எந்த வரியை மிச்சம் பிடிக்கக் கடனை வைத்திருப்பது?

பிஎஃப் பணத்தை எடுத்துக் கடனில் போடலாமா என்பது அடுத்த கேள்வி. நான் போடவில்லை. 2024-25-க்கு பிஎஃப் வட்டி 8.25 சதவீதம், நம்மில் பெரும்பாலோருக்கு அதற்கு வரியும் இல்லை. வீட்டுக் கடன் வட்டி அதற்குக் கீழே இருக்கும்போது அதைத் தொடுவது நஷ்டம். மகள் பேரில் செல்வமகள் கணக்கு வைத்திருந்தால் அதையும் நிறுத்தாதீர்கள். மாறாக, ஆறரை சதவீத வைப்புத் தொகை அவசரப் பணத்துக்கும் மேலே கிடந்தால், அதைக் கடனில் போடுவதுதான் லாபம்.

ஏலச்சீட்டு எடுத்து மொத்தமாகக் கட்டலாமா என்று என் மைத்துனர் கேட்டார். தள்ளு அதிகமாகப் போகும் முதல் சில மாதங்களில் எடுத்தால் வீட்டுக் கடன் வட்டியைவிட அதிகமாகவே கையைக் கடிக்கும். கடைசி மாதங்களில் எடுத்தால் கணக்கு சரியாக வரும், அதுவும் பதிவு செய்த சீட்டாக இருந்தால்.

கடைசித் தவணைக்குப் பிறகு

கடன் முடிந்ததும் ஸ்வீட் பாக்ஸ் வாங்குவதோடு வேலை முடியாது. ஒரு நடை வங்கிக்கு, ஒரு நடை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு.

முழுதாக அடைக்கும் முன், எந்தத் தேதி வரைக்கும் எவ்வளவு பாக்கி என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டிய பிறகு கடன் பாக்கி இல்லை என்ற சான்றிதழ், தானாகப் பணம் எடுக்கும் உத்தரவை ரத்து செய்ததற்கான ஒப்புதல், கொடுத்து வைத்த காசோலைகள், மூலப்பத்திரம் உட்பட எல்லா அசல் ஆவணங்கள். கடன் வாங்கிய அன்று வங்கி கொடுத்த ஆவணப் பட்டியலைக் கையோடு எடுத்துப் போய், கவுன்டரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். தாய்ப்பத்திரத்தில் பக்கங்களையும் எண்ணிவிடுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, கடன் முழுதாகத் தீர்ந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு.

தமிழ்நாட்டில் வீட்டுக் கடனுக்குப் பத்திரத்தை ஒப்படைத்ததை எம்ஓடி என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பார்கள். கடனை அடைத்தாலும் அந்தப் பதிவு தானாக அழியாது. வங்கி அதிகாரி கையெழுத்திடும் ரசீது ஆவணத்தை அதே அலுவலகத்தில் பதிய வேண்டும். என் மைத்துனர் இதை விட்டுவிட்டார். ஆறு வருடம் கழித்து மனையை விற்கப் போனபோது, வாங்க வந்தவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் அடமானம் அப்படியே நிற்கிறது. கடன் கொடுத்த கிளை அதற்குள் வேறு கிளையோடு சேர்ந்துவிட்டது, பழைய கோப்பைத் தேடி எடுக்க இரண்டு மாதம். வந்தவர் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ரசீதைப் பதிந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று ஒன்றைப் போட்டு, அந்த ரசீதின் ஆவண எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்து, கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டையும் அச்செடுத்து மூலப்பத்திரத்தோடு ஒரே உறையில் போட்டு, உறை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.